லண்டன் கிளையின் வரலாறு

நாவற்குளம் மகளிர் கல்லூரிப் பழைய மாணவிகள் சங்கத்தின் லண்டன் கிளைக்கு முதலில் நாற்பத்திரண்டு பக்க வரலாறு இருந்தது. 1994ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதம், பத்தாவது ஆண்டு விழா மலர் அச்சுக்குப் போனபோது அது பதினொரு வரியாக இருந்தது. நாடுகள் தங்கள் வரலாற்றை இப்படிச் சுருக்குவதற்கு நூறு ஆண்டுகளும் இரண்டு போர்களும் எடுத்துக்கொள்ளும். கிங்ஸ்பரியில் சங்கத் தலைவி கமலாம்பிகையின் வீட்டு முன்னறையில் நான்கு செயற்குழுக் கூட்டங்களும் அறுபது கோப்பைத் தேநீரும் போதுமாயிருந்தன.

நாற்பத்திரண்டு பக்கத்தையும் எழுதியவள் சிவமலர். பகலில் வீட்டுக்கடன் கொடுக்கும் ஒரு பில்டிங் சொசைட்டியில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து சிரித்துவிட்டு, மாலையில் கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற பகுதியில் இருந்த தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையைத் துடைத்து, எட்டு மாதம் எழுதினாள். அந்த வரலாற்றில் அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: பெர்னடெற் அக்காவின் பெயர். மிச்சத்தை எலி தின்றாலும் அவளுக்குக் கவலையில்லை.

ஏனென்றால் சங்கத்தைத் தொடங்கியது பெர்னடெற். தொடங்கியவர்கள் என்று வேறு யாரும் கிடையாது. இதில் ஒரு சின்னச் சிக்கல் இருந்தது. பெர்னடெற் நாவற்குளம் மகளிர் கல்லூரியில் ஒரு நாளும் படித்ததில்லை. பத்தொன்பது ஆண்டுகள் அங்கே அலுவலகத்தில் தட்டெழுத்தாளராக இருந்தவள். சேர்வு இடாப்பு, தவணைப் புள்ளிகள், விடுகைப் பத்திரம் எல்லாம் அவளுடைய பத்து விரல்களின் வழியாகத்தான் வெளியே போயின. போகும்போது ஒரு பிரதியை அவளுடைய மண்டைக்குள்ளும் விட்டுவிட்டுப் போயின.

1984 தை மாதம், நோர்பரியில் பஸ்ஸுக்கு நின்ற ஒருத்தியைப் பின்பக்கமாகப் பார்த்தே பெர்னடெற் சொன்னாளாம்: "இரண்டாயிரத்து நூற்றிப் பதினேழு, தவநாயகி. இடக்கைப் பிள்ளை. தையலிலை பெயில்." தவநாயகி அந்த இடத்திலேயே அழத் தொடங்கி, மூன்று பஸ் போகும்வரை அழுதாள். சாரதிகள் ஒவ்வொருவரும் நிறுத்தி விசாரித்துவிட்டுப் போனார்கள். ஊரை விட்டு வந்த பிறகு அவளைக் கல்லூரிச் சேர்வு இலக்கத்தோடு ஒருவர் அடையாளம் கண்டது அதுதான் முதல் தடவை. ஹோம் ஒபிஸ் பின்னால்தான் அகதி இலக்கம் கொடுத்தது.

இப்படியே பெர்னடெற் அந்தக் குளிர்காலம் முடியுமுன் பதினொரு பேரைப் பிடித்துவிட்டாள். அவளுடைய நோர்பரி அறையில் மூன்று கதிரையும் ஒரு பரபின் ஹீற்றரும் வைத்து முதற் கூட்டம் நடந்தது. விதிகளை அவளே தட்டெழுதினாள். மூன்றாம் விதி: கல்லூரியின் பழைய மாணவிகள் மட்டுமே அங்கத்தவராகலாம். அதை உரத்து வாசித்துவிட்டு, "அப்ப நான் அங்கத்தவர் இல்லை" என்றும் அவளே அறிவித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். விதியை மட்டும் யாரும் மாற்றவில்லை.

அடுத்து வந்தது சேட்டிபிக்கட் காலம். ஊரில் நடந்த போரில் கல்லூரி அலுவலகம் எரிந்துபோயிற்று. பெண்கள் ஒரு பையோடு வந்து இறங்கினார்கள். வேலை கேட்கப் போனால், படித்ததற்குத் தாள் எங்கே என்று கேட்டார்கள். பெர்னடெற் லண்டனுக்கு வந்தபோது தன் பீங்கான்களைக் கல்லூரியின் தலைப்பிட்ட கடிதத் தாள்களில்தான் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். அவற்றை ஒவ்வொன்றாக இஸ்திரி போட்டாள். பழைய இறப்பர்ச் செருப்பின் குதியில் கல்லூரி முத்திரையைச் செதுக்கினாள். அசல் முத்திரையில் தேய்ந்துபோயிருந்த தாமரை இதில் தெளிவாக விழுந்தது. புள்ளிகளை மண்டையிலிருந்து எடுத்துத் தட்டினாள். உள்ளதை உள்ளபடி தட்டத்தான் உட்காருவாள். பிறகு எதிரே இருப்பவளின் மெல்லிய கோட்டையும் வெடித்த உதட்டையும் ஒரு தடவை பார்ப்பாள். "கணக்குக்கு என்ன போடட்டும், பிள்ளை?" என்பாள்.

கணக்கில் மூன்று தடவை தவறிய கமலாம்பிகை அந்த நோர்பரி அறையிலிருந்து 'அதிவிசேட சித்தி' என்ற சேட்டிபிக்கட்டோடு வெளியே போனாள். இப்போது கவுன்சிலில் ஒரு பகுதிக்கே மனேஜர். சோதனை மண்டபத்தின் வாசலையே காணாத சிவமலர் ஆறு பாடத்தில் சித்தியடைந்தாள். சோதனை நடந்த வாரம் முழுக்க அவளுடைய ஊரில் ஊரடங்கு; நோர்பரியில் இல்லை.

இவற்றில் ஒன்றும் நாற்பத்திரண்டு பக்கத்தில் இல்லை. சிவமலர் அவ்வளவு விசரி இல்லை. பெர்னடெற் தேடினாள், சேர்த்தாள், தொடங்கினாள் என்று மட்டுமே எழுதியிருந்தாள்.

மலருக்கான முதற் செயற்குழுக் கூட்டத்தில் கமலாம்பிகை பக்கங்களைத் தட்டி அடுக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"நல்லா எழுதியிருக்கிறீர், சிவமலர். ஆனா பெர்னடெற் கொஞ்சம் கூடிப்போச்சு."

"எந்த இடத்திலை அக்கா?"

"எல்லா இடத்திலையும்."

"தொடங்கினது அவதானே?"

"அவ எங்கட பழைய மாணவியே? மூண்டாம் விதி என்ன சொல்லுது?"

"அந்த விதியை அடிச்சதே அவதான்."

"அப்ப அவவுக்கு வடிவாத் தெரிஞ்சிருக்கும்" என்றாள் கமலாம்பிகை. "இன்னொரு ரீ குடியும்."

சங்கத்தைத் தொடங்கியவர் 'ஓர் அன்பர்' என்று மாற்றப்பட்டது. இரண்டாவது கூட்டத்தில் செயலாளர் தவநாயகி அதையும் எதிர்த்தாள். "அன்பர் எண்டால் ஆம்பிளை எண்டு நினைப்பினம். எங்கட சங்கத்தை ஒரு ஆம்பிளை தொடங்கினதெண்டு ரொறொன்ரோக் கிளை பல்லைக் காட்டப்போகுது." அன்பரும் போனார். மூன்றாவது கூட்டத்தில், சங்கம் 1984இல் நோர்பரியில் தோன்றியது என்று ஒருமனதாக முடிவாயிற்று. காளான் தோன்றுவதுபோல.

நோர்பரி அறையில் நடந்த முதற் கூட்டத்துப் புகைப்படம் ஒன்று இருந்தது. பெர்னடெற் நின்ற ஓரத்தைக் கத்தரிக்கோலால் வெட்டியபோது தவநாயகியின் இடது தோளும் சேர்ந்து போயிற்று. சங்கத்தின் நன்மைக்காக அவள் அதை விட்டுக்கொடுத்தாள்.

அந்த வாரம்தான் பெர்னடெற்றின் தொலைபேசி வந்தது. அவளுக்கு எழுபது நடந்துகொண்டிருந்தது. முழங்கால் வருத்தத்தால் ஐந்து வருடமாகக் கூட்டங்களுக்கு வருவதில்லை. வா என்று யாரும் கேட்டதுமில்லை.

"பிள்ளை, மலர் வருதாம். நீர்தான் எழுதுறீராம்?"

"ஓம் அக்கா."

"நான் எத்தினை ஆயிரம் பேரின்ர பேரை அடிச்சிருப்பன், சொல்லும் பாப்பம். ஒரு தாளிலையும் என்ர பேர் வந்ததில்லை. கடிதத்துக்குக் கீழை அதிபரின்ர பேர் வரும். மூலையிலை சின்னனா என்ர முதலெழுத்து, பிழை வந்தால் ஆரைப் பேசுறதெண்டு தெரியிறதுக்கு." சிரித்தாள். "ஒருக்கால் அச்சிலை பாத்தாக் காணும். வேறை ஒண்டும் வேண்டாம்."

"உங்கட பேர் கட்டாயம் வரும் அக்கா" என்றாள் சிவமலர்.

நான்காவது கூட்டத்துக்கு அவள் முதுகை நிமிர்த்திக்கொண்டு போனாள். தேநீரைத் தொடவில்லை.

"பெர்னடெற் அக்காவின்ர பேர் இல்லாமல் நான் மலரை அச்சுக்குக் குடுக்கமாட்டன்."

தவநாயகி பிஸ்கட்டைக் கோப்பைக்குள் தவறவிட்டாள். கமலாம்பிகைக்குக் கோபம் வரவில்லை. கவுன்சிலில் கோபப்படாமல் பேசப் பயிற்சி கொடுத்திருந்தார்கள்.

"நீர் எந்த வருசம் சோதினை எடுத்தனீர், சிவமலர்?"

சிவமலர் தொடாமல் வைத்திருந்த தேநீரை எடுத்துக் குடித்தாள்.

"நான் உம்மை வெருட்டேல்லை. பேரைப் போட்டால் சனம் கேக்கும். ஆர் இவ? பள்ளிக்கூடத்திலை என்ன செய்தவ? லண்டனிலை என்ன செய்தவ? ஒருத்தருக்கு ஒருத்தர் கதைப்பினம். கதை எங்கை போய் நிக்கும்? உம்மட வேலையிடத்திலையும் இப்ப தமிழ்ப் பிள்ளையள் இருக்கினம் என்ன?"

"உங்களிட்டையுந்தான் வந்து நிக்கும் அக்கா."

"என்னட்டையும் நிக்கும். தவநாயகியிட்டையும் நிக்கும். அதைத்தானே சொல்லுறன்."

மூவரும் கம்பளத்தைப் பார்த்தார்கள். நல்ல கம்பளம். கணக்கில் அதிவிசேட சித்தி பெறாதவர்களுக்கு வாங்க ஏலாத கம்பளம்.

"பேர்தானே வரவேணும்?" என்றாள் தவநாயகி திடீரென்று. "கடைசிப் பக்கத்திலை நன்றி சொல்லுற இடம் இருக்கெல்லோ? மண்டப அலங்காரம், ஒலிபெருக்கி, சிற்றுண்டி உதவி. சிற்றுண்டியிலை நாலு பேர்தான் கிடக்கு. அஞ்சாவதாப் போடுவம்."

"அவவுக்கு முட்டை அவிக்கவும் தெரியாது. பாணும் சீஸும் திண்டு சீவிக்கிற மனிசி" என்றாள் சிவமலர்.

"உதை ஆர் மலரிலை வாசிக்கப்போகினம்?" என்றாள் கமலாம்பிகை. "பேர் முழுசா வரும். எழுத்தும் பெரிசாப் போடுவிப்பம். சரிதானே?"

சிவமலர் பேனாவை எடுத்து, தன் கையாலேயே அந்தப் பெயரைச் சிற்றுண்டிக்குக் கீழே எழுதினாள். வீடு திரும்பும்போது, பேக்கர் ஸ்ட்ரீட்டில் ரெயின் மாறும்வரை அதை ஒரு வெற்றி என்றே நம்பிக்கொண்டிருந்தாள்.

விழா ஒக்ரோபர் மாதத்து ஞாயிறு பின்னேரம், கிங்ஸ்பரியில் வாடகைக்கு எடுத்த ஒரு மண்டபத்தில் நடந்தது. பெர்னடெற் ஊதாப் பட்டுச்சேலைக்கு மேலே சாம்பல் கோட்டுப் போட்டு, நோர்பரியிலிருந்து இரண்டு ரெயினும் ஒரு பஸ்ஸும் பிடித்து, ஒரு மணித்தியாலம் முன்னதாகவே வந்துவிட்டாள். வாசலில் மலர் கொடுத்துக்கொண்டு நின்ற சிவமலரின் கன்னத்தைத் தட்டினாள். மூன்றாவது வரிசையில் போய் உட்கார்ந்து, முதற் பக்கத்திலிருந்து வரிவரியாக விரல் வைத்துத் தேடத் தொடங்கினாள்.

வாழ்த்துச் செய்தி கொடுத்த ஆறு டாக்டர்களையும் விரல் கடந்தது. வரலாற்றைக் கடக்க அதற்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. விரல் திரும்பி வந்து அந்தப் பதினொரு வரியையும் இன்னொரு தடவை தடவியது. பிறகு நகைக்கடை, சொலிசிற்றர், இன்சூரன்ஸ் விளம்பரங்கள். மேடையில் மூன்று குழந்தைகள் நடனம் ஆடி முடித்தார்கள். அறுபத்துநாலாம் பக்கத்தில் விரல் நின்றது. அவள் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். அப்போதும் அது சிற்றுண்டியாகவே இருந்தது.

வாசலில் நின்ற சிவமலருக்கு மலர் கட்டு ஒன்றை அவிழ்க்க வேண்டிய அவசரம் வந்தது. அதில் முடிச்சே இல்லை. இருந்தும் அரைமணி நேரம் அவிழ்த்தாள்.

கமலாம்பிகை நன்றியுரையில் மனம் இளகிப்போய், எல்லா உதவியாளர்களையும் எழுந்து நிற்கச் சொன்னாள். "சிற்றுண்டி தந்த சகோதரிகளும் ஒருக்கா எழும்புங்கோ!" நான்கு பேர் எழுந்தார்கள். ஒரு நொடி கழித்து, முன்கதிரையைப் பிடித்துக்கொண்டு பெர்னடெற்றும் எழுந்தாள். மண்டபம் கைதட்டியது. சங்கத்தின் பத்தாண்டில் அவளுக்குக் கிடைத்த கைதட்டல் அது ஒன்றுதான். குறை சொல்ல முடியாது, நீளமாகவே தட்டினார்கள்.

பக்கத்திலிருந்த ஒரு டாக்டரின் பெண்சாதி, வாயில் மிச்சத்தோடு திரும்பினாள். "அன்ரி, றோல்ஸ் உங்கட கையோ? என்ன ருசி! மகள் பெரியபிள்ளையாகியிட்டாள், சாமத்திய வீட்டுக்கு இருநூறு செய்து தர ஏலுமே?"

பெர்னடெற் மலரைப் பார்த்தாள். பிறகு அவளைப் பார்த்தாள்.

"எண்டைக்கு?" என்று கேட்டாள்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் சிவமலர் வீட்டுத் தொலைபேசி அடித்தது. அவள் மன்னிப்புக் கேட்க வாயைத் திறக்குமுன் பெர்னடெற் தொடங்கிவிட்டாள்.

"சனிக்கிழமை வாரும். வரேக்கை மாவும் றஸ்க் தூளும் கொண்டு வாரும். எனக்கு றோல்ஸ் செய்யப் பழக்கவேணும்."

"அக்கா, அந்த மனிசிக்கு நான் சொல்லுறன், அச்சிலை பிழை வந்திட்டுதெண்டு..."

"பிழையோ? அச்சிலை வந்திட்டுது. இனி அதுதான் சரி. நான் பத்தொன்பது வருசம் ஒபிஸிலை இருந்தனான் பிள்ளை, எனக்குத் தெரியாதே? தாளிலை இருக்கிறதுக்குத்தான் ஆள் பொருந்திக்கொள்ள வேணும்."

சனிக்கிழமை காலை நோர்பரி வீட்டுச் சமையலறையில் இருவரும் நின்றார்கள். உருளைக்கிழங்கு அவிந்தது. பெர்னடெற் தட்டெழுத்துக்காரியின் ஒழுங்கோடு எல்லாவற்றையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டாள். ரொட்டியை அவள் சுற்றிய சுற்று இறுகவில்லை. எண்ணெயில் போட்ட முதல் நான்கு றோல்ஸும் வெடித்து, கறி வேறு கோது வேறாகப் பிரிந்தன.

சிவமலர் அடுப்பைப் பார்த்தபடி சொன்னாள்: "நாப்பத்திரண்டு பக்கம் எழுதினனான் அக்கா. முழுக்க நீங்கள்தான். வெட்டிப்போட்டினம்."

"கடைசிப் பக்கத்துக்கு என்ர பேரை எழுதிக் குடுத்தது ஆற்ற கை?"

"என்ர கை."

"ஓம். பாத்தவுடனை நினைச்சன்." பெர்னடெற் வெடித்தவற்றைக் கரண்டியால் வாரிக் குப்பைக்குள் போட்டாள். அவளுடைய குரலில் கோபம் இல்லை. புள்ளிகளை வாசிக்கிற குரல். "நான் உமக்கு ஆறு பாடம் போட்டுத் தந்தனான். நீர் எனக்கு ஒண்டு போட்டிருக்கிறீர். அதையாவது பாஸ் பண்ண வேணுமெல்லோ."

சிவமலரின் கண்ணீர் மாவில் விழப்பார்த்தது. பெர்னடெற் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அதுக்குள்ளை அழாதையும், உப்புக் கூடிப்போகும். இன்னும் இருநூறும் கிடக்கு. உருட்டும்."