கதவைப் பிடித்த கை

பதினாலு மாதமாகச் செண்பகத்துக்கு ஒரே வேலைதான். காரின் பின் சீட்டில், வலது ஓரத்தில், கதவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது. இதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்கிறவர்கள், தூத்துக்குடியிலிருந்து காயல்பட்டினம் வரைக்கும் ஒருதரம் பிடித்துக்கொண்டு போய்ப் பார்க்கட்டும். திரும்பி வந்து பேசுவோம்.

கார் அவள் புருஷன் ராஜதுரையுடையது. கடைசியாக முத்துக்குளிப்பு நடந்த வருஷம் ஒரு வியாபாரி ஆசைப்பட்டு வாங்கி, அலுத்துப்போய் இவன் தலையில் கட்டிய வண்டி. அதற்கப்புறம் கடலில் முத்தும் இல்லை, வண்டிக்கு நல்ல காலமும் இல்லை. பதினெட்டு வருஷ உப்புக்காற்றில், தகரத்துக்கு உள்ளே இருக்கிற மரச்சட்டம் இற்றுக்கொண்டே வந்தது. வலது பின்கதவு ஒருநாள் தொங்கிவிட்டது. சாத்தினால் பூட்டு நாக்கு ஒரு விரற்கடை கீழே போய் இடிக்கும். தூக்கிச் சாத்தினால் பிடிக்கும். ஆனால் அடுத்த பள்ளத்தில் வாயைப் பிளந்துவிடும்.

பழையகாயல் பக்கம் அப்படித்தான் பிளந்தது. வண்டியில் இருந்தவர் ஹாஜரா பீவி. காயல்பட்டினத்துப் பெரிய வீட்டு அம்மாள், ராஜதுரைக்கு இருக்கிற ஒரே நிரந்தர வாடிக்கை. வாரத்துக்கு மூன்று நாள் மகள்களையும் சின்னம்மாக்களையும் கூட்டிக்கொண்டு தூத்துக்குடி லேடி டாக்டரிடம் வருவார், இல்லையென்றால் சொந்தக்காரர் வீட்டுக்கு. துணைக்கு அவருடைய அண்ணன் முத்துவாப்பா முன்சீட்டில் உட்கார்ந்திருப்பார். ஜன்னலுக்கெல்லாம் திரை போட்டுப் போகிற வண்டியில் கதவே திறந்துகொண்டால் அந்தப் பெண்கள் என்ன பாடு பட்டிருப்பார்கள்!

மறுநாளே ராஜதுரை பெண்டாட்டியை வண்டியில் ஏற்றினான். கீல் மெட்ராசிலிருந்து வரவேண்டும், யுத்தம் முடிந்தால் வந்துவிடும், அதுவரைக்கும் பிடித்துக்கொள் என்றான். யுத்தம் முடிந்தது. கீல் வரவில்லை. சீமைக் கப்பலில் இடமில்லை என்றான், கம்பெனியில் ஆள் மாறிவிட்டான் என்றான், அப்புறம் ஒன்றும் சொல்வதையே விட்டுவிட்டான். முத்துவாப்பாகூட வியாபாரத்துக்கென்று கொழும்புக்குப் போய்விட்டார். செண்பகம் மட்டும் கதவோடு இருந்தாள்.

வலது மணிக்கட்டு வீங்கி, வீக்கம் வற்றி, மறுபடி வீங்கியது. ராத்திரி தைலம் தேய்த்துக்கொண்டு படுத்தால் தூக்கத்திலும் கை எதையோ இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும். கலயத்துத் தண்ணீரை ஒருகையால் சரிக்க முடியவில்லை. அதையெல்லாம்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். அவளால் பொறுக்க முடியாமல் போனது மகள் முத்துக்கனி வந்த பிறகுதான்.

சாத்தான்குளத்தில் கட்டிக்கொடுத்த மகள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். வந்து என்ன பிரயோசனம்? தாய் காரில் இருந்தாள். நிறைமாதக்காரி தானே உலை வைத்துத் தானே வடித்துத் தின்றுகொண்டு, பகல் முழுக்க ஒற்றையில் கிடந்தாள். ஒருநாள் பொழுதுசாய செண்பகம் வந்து பார்த்தபோது, காலை நீட்டிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பொய்வலியாம். மத்தியானத்தில் எடுத்து இப்போதுதான் நின்றதாம்.

"அம்மா, நெசமான வலி வரும்போது நீ வீட்டுல இருப்பியாம்மா?" என்று கேட்டாள்.

இருப்பேன் என்று செண்பகம் சொன்னாள். சொன்ன பிறகுதான், அதற்குக் கதவு சரியாகவேண்டுமே என்று நினைத்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ராஜதுரை விளாத்திகுளத்தில் ஒரு சாவுத் துஷ்டிக்குப் பஸ் ஏறிப் போயிருந்தான். தெருமுனையில் இனிகோ இருந்தான். துறைமுகத்தில் தோணி பழுதுபார்க்கிறவன். மாதா கோயிலில் பூசை முடிந்து வந்தவனைச் செண்பகம் வழியிலேயே மறித்துக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

இனிகோ கதவைத் தூக்கிப் பார்த்தான், விட்டுப் பார்த்தான். சட்டத்தில் பூட்டு நாக்கு போய் விழுகிற துவாரத்தைச் சுற்றிப் பழைய ஆணி ஓட்டைகள் இரண்டு வரிசை இருந்தன. கதவு இறங்க இறங்க ராஜதுரை துவாரத்தையும் கீழே கீழே இறக்கி வைத்திருந்தான். விழுகிற கதவுக்குப் பின்னாலேயே ஓடியிருக்கிறாரே அண்ணாச்சி என்று இனிகோ சிரித்தான். பிறகு கீலைக் கழற்றினான். கழற்றுவதற்கு என்ன இருக்கிறது, திருகாணிகள் விரலால் இழுத்தாலே கையோடு வந்தன.

"கீலுக்கு ஒண்ணும் இல்லக்கா. ஆணி பிடிக்கிற எடத்துல மரம் உளுத்துருக்கு, அவ்வளவுதான். இதுக்கு எதுக்கு மெட்ராசு?"

இற்ற மரத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, தோணிப் பலகையில் மிஞ்சிய தேக்குத் துண்டைச் செதுக்கி அந்தப் பள்ளத்தில் இறுக்கி அடித்தான். கதவின் அடியில் சாக்கை மடித்துப் போட்டு ஜாக்கியால் தூக்கி நிறுத்தினான். மண்ணெண்ணெய் டின்னில் ஒரு தகடு வெட்டி, கீழ்க் கீலுக்குப் பின்னால் மட்டும் சொருகினான். கீழே அந்தத் தகட்டளவு தள்ளினால் பூட்டுப்பக்கத்து முனை மேலே எழும்புமாம். முழுக்க முடுக்கும் முன்னால் செண்பகத்தை உள்ளே உட்காரச் சொன்னான். ஆள் ஏறாத வண்டிக்குக் கதவு பொருத்தினால் ஆள் ஏறினதும் இறுகிக்கொள்ளும் என்றான். அவள் ஏறினாள். பதினாலு மாதத்தில் அன்றைக்குத்தான் அந்த சீட்டில் கையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

மத்தியானச் சோற்றுக்கு முன்னால் எல்லாம் முடிந்துவிட்டது. இனிகோ இரண்டு வட்டுக் கருப்பட்டியை வாங்கிக்கொண்டு போனான். அவன் தலை மறைந்ததும் செண்பகம் கதவைத் திறந்து திறந்து மூடினாள். ஒற்றை விரலால் தள்ளினாலும் 'டக்'கென்று போய் உட்கார்ந்தது. பைத்தியக்காரி மாதிரி சிரித்தாள். முத்துக்கனியையும் கூப்பிட்டு மூடிப் பார்க்கச் சொன்னாள்.

சாயங்காலம் ராஜதுரை வந்தான். கதவைப் பார்த்தான். அவன் சந்தோஷப்படுவான், இல்லாவிட்டால் தன்னைக் கேட்காமல் செய்ததற்குக் குதிப்பான் என்று செண்பகம் இரண்டுக்கும் தயாராக நின்றாள். அவன் இரண்டும் செய்யவில்லை. நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு குளிக்கப் போனான். துஷ்டிக்குப் போய்வந்த அலுப்பு என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலையில் அவன் தனியாகப் போனான். அவன் போய் ஒருமணி நேரத்தில் முத்துக்கனிக்கு வலி எடுத்தது. இந்தத் தடவை பொய்வலி இல்லை. செண்பகம் வெந்நீர் வைத்தாள், பழஞ்சேலையைக் கிழித்துப் போட்டாள். அடுத்த தெரு மருத்துவச்சிக்கு ஆள் விட்டால், அவள் புதுத்தெருவில் யாருக்கோ பிள்ளை பார்க்கப் போயிருந்தாள். என்ன செய்வது என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது வாசலில் கார் வந்து நின்றது. உள்ளே ஒருத்தரும் இல்லை. கூப்பனுக்கு அளந்து கொடுக்கிற பெட்ரோலைக் கொளுத்திக்கொண்டு ராஜதுரை வெறும் வண்டியாய்த் திரும்பி வந்திருந்தான்.

"ஏறமாட்டேங்காங்க," என்றான் ராஜதுரை. "செண்பகம் எங்கன்னு கேட்டாங்க. கதவு சரியாயிட்டு, இனிமே அவ வரமாட்டான்னேன். அப்படின்னா நாங்களும் வரலைன்னுட்டாங்க. முத்துவாப்பாவும் ஊர்ல இல்ல. ஒத்தை ஆம்பிளை வண்டியில எப்படி ஏறுவோம்னு சொல்லுதாங்க. இன்னிக்கு ஒரு நாள் என்கூட வாளா. டாக்டரம்மா காத்திருப்பாங்களாம்."

உள்ளே முத்துக்கனி முனகுவது வாசல்வரைக்கும் கேட்டது. அவனுக்கும் கேட்டது.

செண்பகத்துக்கு நேற்று இனிகோ கையோடு வந்த திருகாணிகள் ஞாபகத்துக்கு வந்தன. விரலால் இழுத்தாலே வந்தவை இவன் கைக்கு மட்டும் தெரியாமலா இருந்திருக்கும்?

"அவங்க எனக்காகத்தான் ஏறுதாங்கன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

அவன் காரின் மட்கார்டைத் துண்டால் துடைத்தான். அதில் துடைக்க ஒன்றும் இல்லை.

"போன நோன்புலயே தெரியும். கொழும்புக்குப் போகும்போது முத்துவாப்பா சொன்னாரு. உன் பொண்டாட்டி கூட வாரவரைக்கும் எங்க வீட்டுப் பொம்பளைங்க உன் வண்டியிலதான் வருவாங்கன்னாரு." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னான்: "கதவு சரியாயிட்டா நீ வரமாட்டேல்லா. உன்னை நம்பித்தான் என் வண்டி ஓடுதுன்னு உன்கிட்ட எப்படிச் சொல்ல?"

சொல்ல வெட்கமாம். ஒரு வருஷம் அவள் கையை வீங்க விட வெட்கமில்லை. ஒரு தகடும் ஒரு தேக்குத் துண்டும் அரைநாளும்தானே! வாயைத் திறந்து கேட்டிருந்தால் வாரத்தில் ஒருநாள் வந்திருப்பாள், இரண்டு நாள்கூட வந்திருப்பாள், கையையாவது மடியில் வைத்துக்கொண்டு வந்திருப்பாள். கத்தவேண்டும் போல இருந்தது. கத்துவதற்கும் தெம்பு வேண்டுமே, அது இல்லை.

அவள் காரை நோக்கி நடந்தாள். ராஜதுரை ஓடிவந்து பின்கதவைத் திறந்து பிடித்தான். அவள் ஏறவில்லை. ஒரு விரலால் கதவைத் தள்ளி மூடினாள்.

"புதுத்தெருவுக்குப் போயி மருத்துவச்சியக் கூட்டிட்டு வாங்க. அவ தனியா ஏறுவா. பிடிச்சுக்க ஆளு வேண்டாம், கதவு தானா நிக்கும்."

அவன் போனானா என்று பார்க்க அவள் நிற்கவில்லை. உள்ளே வந்து மகளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். இஞ்சின் சத்தம் தெருவில் தேய்ந்து போனது. அடுத்த வலி வந்தபோது முத்துக்கனி கண்ணை மூடிக்கொண்டு கைக்கு அகப்பட்டதை இறுக்கிப் பிடித்தாள். அகப்பட்டது அந்த வீங்கின மணிக்கட்டு. செண்பகத்துக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"வலிக்குதாம்மா?" என்று மகள் கேட்டாள்.

"இல்ல. நீ நல்லாப் பிடிச்சுக்கோ," என்றாள் செண்பகம்.