மேடத்துக்கு ஒரு நாற்காலி

1

இந்தக் கதை எனக்குப் பல் டாக்டரிடம் கிடைத்தது. வாயைப் பிளந்தபடி சாய்ந்து கிடந்தேன். மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு டாக்டர் எங்கோ போய்விட்டார். தடுப்புக்கு அந்தப் பக்கம் இரண்டு குரல்கள்.

"கால் எட்டுதா?"

"எட்டல."

"இப்ப?"

"எட்டல."

"சரி, இப்ப?"

"கொஞ்சூண்டு எட்டல."

ஒரு ஆண், ஒரு குழந்தை. திரும்பிப் பார்க்க வழியில்லை. "யாருப்பா அது?" என்று கேட்க வாயும் இல்லை. நான் இறங்கி வருவதற்குள் போய்விட்டார்கள். எது எட்டவில்லை, எதற்கு எட்டவேண்டும், ஒன்றும் தெரியாது. எனக்குக் கதைகள் இப்படித்தான் வரும், பேச்சாக. முகம் பின்னால் வரும், சில சமயம் வராமலே போகும். இந்தக் கதையில் வருகிறவருக்கு மீசை உண்டா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வேண்டுமென்றால் நீங்கள் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

2

முதல் ஆரம்பம்: "மரத்தூளின் வாசனை அந்த வீட்டின் ஒவ்வொரு மூலையிலும்…"

வேண்டாம். வாசனையில் தொடங்கும் கதைகளை நானே இரண்டாம் பக்கத்தில் மூடிவிடுவேன்.

இரண்டாவது: "அவர் ஒரு தச்சர்." இதுவும் சரிப்படாது. தச்சர் என்றால் ஒழுங்காக அளந்து, ஒழுங்காகச் செய்து கொடுத்துவிட்டுப் போயிருப்பார். எனக்குக் கதை ஏது?

மூன்றாவது நிற்கிறது: அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். லீவு நாளில் மட்டும் பால்கனியில் மரம் அறுப்பார்.

[என் கதைகளை முதலில் கேட்பவள் என் நாத்தனார். போனில் படித்துக் காட்டுவேன். "ஏன் அண்ணி டிரைவிங் வாத்தியார்? ஒரு பேங்க் ஆபீசரா வச்சா என்ன?" என்றாள். "கால் எட்டுதான்னு ஒரு நாளைக்கு ஒம்பது பேரைக் கேக்கிற மனுஷன் வேற யாருடி?" என்றேன். யோசித்துவிட்டு, "அது சரி" என்றாள். அவள் "அது சரி" சொன்னால் மேலே போகலாம் என்று அர்த்தம்.]

3

வாத்தியாருக்குக் கல்யாணமாகிச் சில மாதங்கள்தான் ஆகின்றன. மனைவியோடு ஐந்து வயதுப் பெண்ணும், அந்தப் பெண்ணோடு ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் ஸ்டூலும் வீட்டுக்கு வந்தன. பழைய வீட்டு ஸ்டூல். அதை அடுப்படி வாசலில் போட்டு, தட்டை மடியில் வைத்துக்கொண்டுதான் அவள் சாப்பிடுவாள். பெரியவர்கள் இருவரும் மேஜையில். நடுவில் நாலு எட்டு தூரம்.

அவரை அவள் எப்படியும் கூப்பிடுவதில்லை. அவரிடம் நேராகப் பேசுவதும் இல்லை.

"அம்மா, டிவி சத்தத்தக் குறைக்கச் சொல்லு."

"பக்கத்துலதானே உக்காந்திருக்காரு. நீயே சொல்லேன்."

"நீ சொல்லு."

சத்தம் அதற்குள் குறைந்திருக்கும். அவருக்கும் அவளை என்ன சொல்லிக் கூப்பிடுவதென்று தெரியவில்லை. செல்லம், கண்ணு எல்லாம் தொண்டை வரை வந்து நின்றுவிடும். வண்டி ஓட்டப் பழகுகிறவர்களைக் கூப்பிட்டுப் பழகிய வாய், ஒரு நாள் தானாகவே "மேடம்" என்றது. அதையே வைத்துக்கொண்டார்.

"மேஜைக்கு வாடி" என்பாள் அம்மா.

"நாற்காலி பெருசு. கால் தொங்குது."

இதைத்தான் அவர் பிடித்துக்கொண்டார். மேஜை உயரத்துக்கு ஒரு சின்ன நாற்காலி. முன்கால்களுக்கு நடுவே, பாதம் வைத்துக்கொள்ள ஒரு கட்டை. கால் தொங்காது. தொங்கவில்லை என்றால் வந்து உட்காருவாள் அல்லவா?

(உட்காருவாளா? எனக்கே சந்தேகமாக இருந்தது. "தொங்குது" என்பது சாக்காக இருந்தால்? கேட்டுப் பார்த்தேன். குழந்தை எனக்கும் பதில் சொல்லவில்லை. அம்மாவைக் கூப்பிட்டது.)

4

அளவெடுக்கவேண்டும். வீட்டுக்குள் அவர் கிட்டே போனால் அவள் நகர்ந்துவிடுவாள். பக்கத்தில் உட்காருவது ஒரே இடத்தில்தான்: நிறுத்தி வைத்திருக்கும் அவருடைய காரில். அந்தக் காரில் வாத்தியார் சீட்டுக்குக் கீழேயும் ஒரு பிரேக் உண்டு. அந்த சீட் அவளுக்கு. ஓட்டுகிறவர் சீட்டில் அவர், மாணவர்.

"நாய் வருது! பிரேக்!"

"போட்டுட்டேன் மேடம்."

"லேட்டு. நாய் செத்துப்போச்சு."

"ஐயையோ."

"பரவால்ல, பொம்மை நாய்தான்."

[இந்த விளையாட்டில் அவள் அவரிடம் நேராகப் பேசுகிறாளே என்று நாத்தனார் மடக்கினாள். அங்கே அவள் வாத்தியார்டி, அது வேற ஆள் என்றேன். "அது சரி."]

"மேடம், கால் அளந்துக்கலாமா?"

"எதுக்கு?"

"ஒரு வேலை இருக்கு."

"பிரேக்க என் காலுக்குக் கிட்ட கொண்டு வரப்போறீங்களா?"

"அந்த மாதிரிதான்."

அவள் சீட்டின் நுனிக்கு வந்து, பிரேக்கைப் பார்த்துக் கால்விரலைக் குத்தி நீட்டினாள். அவர் டேப்பைப் பிடித்தார். முழங்காலுக்கு மேலிருந்து கட்டைவிரல் நுனிவரை. கால் நீண்டிருப்பதை அவர் பார்க்கவில்லை. அவள் காலைக் கொடுத்ததைத்தான் பார்த்தார்.

5

நாற்காலி முடிந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து, கன்னத்தை வைத்துப் பார்க்கும் அளவுக்கு வழவழப்பு. கால்கட்டையைத் துளையில் இறக்கி மரப்பசை விட்டு இறுக்கியாயிற்று. அம்மா தூக்கி உட்கார வைத்தாள். அவள் மறுக்கவில்லை.

"கால் எட்டுதா மேடம்?"

"எட்டல."

"கொஞ்சம் முன்னாடி வாங்க. இப்ப?"

"எட்டல."

"நுனிக்கே வாங்க. இப்ப?"

"கொஞ்சூண்டு எட்டல."

இறங்கினாள். தட்டை எடுத்துக்கொண்டு ஸ்டூலுக்குப் போனாள். கோபமெல்லாம் இல்லை. பசி.

"எங்க வச்சு அளந்தீங்க?" என்றாள் மனைவி.

"கார்ல."

"எதுவரைக்கும்?"

"இதோ, இதுவரைக்கும்." தன் காலை நீட்டிக் காட்டினார். நீட்டியபோதே அது இல்லாத பிரேக்கை மிதித்தது.

"குதிகால்னு ஒண்ணு இருக்கிறது தெரியுமா உங்களுக்கு?"

"பிரேக்குக்கு அது தேவைப்படாதே."

மனைவி மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

"சிரிக்காத. இன்னிக்கு மறுக்காம உக்காந்தா. இன்னொரு தடவ உக்காருவாளான்னு யாருக்குத் தெரியும்?"

6

மறு லீவு நாள். காய்ந்த பசை கட்டையை விடவில்லை. ரம்பத்தால் அறுத்து எடுத்தார். துளையில் மாட்டிக்கொண்டிருந்த மிச்சத்தை உளியால் சுரண்டினார். மேலே புதிதாக இரண்டு துளை போட்டு, புதுக்கட்டையை இறக்கினார். இந்தத் தடவை பசை விடவில்லை, சூடு கண்டவர். ஆப்பு மட்டும் அடித்தார். கீழே பழைய துளைகள் இரண்டு கண் மாதிரி முழித்தன. மரத்தூளையும் பசையையும் குழைத்து அடைத்துவிடலாம் என்று ஒரு மூடியில் போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தார்.

[என் முதல் பிரதியில் அடைத்தே விட்டார். கதை அங்கேயே படுத்துக்கொண்டது. இரண்டாம் பகுதியில் வாசனை வாக்கியத்தை நான் எடுக்காமல் விட்டிருக்கிறேனே, அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்காதீர்கள்.]

பால்கனி வாசலில் அவள். வந்து, பழைய துளைக்குள் விரலை விட்டாள்.

"இந்த ஓட்டை எதுக்கு?"

அம்மா உள்ளேதான் இருந்தாள். "அம்மா, கேளு" என்று அவள் சொல்லவில்லை. கலக்கிக்கொண்டிருந்த குச்சி நின்றது.

தப்பாப் போட்டுட்டேன் என்று சொல்லப்போகிறார் என்றுதான் நான் நினைத்தேன்.

"அது… நீங்க வளந்தப்புறம், மேடம். கால் நீளமாகும்ல? அப்ப கட்டையக் கழட்டிக் கீழ மாட்டிக்கலாம்."

["அண்ணி, அது பொய்தானே?"

"ஆரம்பிக்கிறப்ப பொய்தான்."

"முடிக்கிறப்ப?"

"ஆப்பு அடிச்ச கட்டை, கழட்டினா வரும். நீயே சொல்லு."]

"யாரு கழட்டி மாட்டுவாங்க?"

"நான்தான்."

விரல் துளையை விட்டு வரவில்லை.

"அப்பவும் நீங்க இங்கதான் இருப்பீங்களா?"

7

இங்கே பேனாவை வைத்துவிட்டேன். முடிவுகளை நாத்தனார்தான் வரிசையாகச் சொன்னாள்.

"அப்பான்னு கூப்பிடட்டும் அண்ணி. நான் நல்லா அழணும்."

"வெங்காயம் நறுக்கு."

"சரி, அம்மா கதவுக்குப் பின்னால நின்னு கேட்டுட்டு…"

"எத்தன கதைலடி கதவுக்குப் பின்னால நிப்பாங்க? கால் வலிக்காதா?"

"அப்ப அவரு ஆமான்னு சொல்லட்டும். சத்தியம் பண்ணட்டும்."

அதைத்தான் நானும் எழுதப் பார்த்தேன். "இருப்பேன் மேடம், எப்பவும்" — இது அவர் குரல் இல்லை. என் குரல். காது கொடுத்து எவ்வளவோ காத்திருந்தேன். கீழே தெருவில் ஏதோ ஒரு லாரி ரிவர்ஸ் எடுக்கும் சத்தம். அதில் அவர் என்ன சொன்னாரோ, தலையை ஆட்டினாரோ, எனக்குக் கேட்கவில்லை. லாரி நின்றபிறகு கேட்டது அவளுடைய குரல்தான்.

"அப்பன்னா இன்னும் கீழ ஒண்ணு போடுங்க."

காதில் செருகியிருந்த பென்சிலை அவர் எடுத்தார்.

"எங்க மேடம்?"

அவள் குனிந்து, தரைக்குக் கொஞ்சம் மேலே விரலை வைத்தாள்.

"இங்க."

"இது பெரியவங்க காலுக்குல்ல?"

"தெரியும்."

அன்று அவள் எங்கே உட்கார்ந்து சாப்பிட்டாள் என்பதை நான் எழுதப்போவதில்லை. சிவப்பு ஸ்டூல் உங்கள் பொறுப்பு. மேஜைக்குப் பக்கத்தில் போடுங்கள், பரணில் ஏற்றுங்கள், அடுப்படி வாசலிலேயே கிடந்தாலும் எனக்குச் சம்மதம். பசை குழைத்த மூடியை மட்டும் யாராவது கழுவி வையுங்கள், இறுகிவிடும். எனக்கு இனிமேல் ஒன்றும் கேட்காது. அவர் டிரில்லைப் போட்டுவிட்டார்.