புளிக்காத தேசிக்காய்

இந்தக் காலத்துச் சனத்துக்குச் சொந்த நாக்கில் நம்பிக்கை இல்லை. புளிப்பா இனிப்பா என்பதைக்கூடப் படித்த ஒருவர் வந்து சொல்லவேண்டும். நாலு வருடம் கம்பசில் இருந்துவிட்டு வந்தவர் எதைச் சொன்னாலும் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள். என் மனுசி நேசமலரும் அந்தக் கூட்டம்தான்.

என் வீட்டு வளவில் ஒரு தேசிமரம் நிற்கிறது; படித்தவர்கள் எலுமிச்சை என்பது இதைத்தான். ஒட்டுக்கன்று. காய்க்கத் தொடங்கிய நாளிலிருந்து ஒரு காயும் புளித்ததில்லை. காரணம் எனக்குத் தெரியும். வேலிக்கு அந்தப் பக்கம் வீரபாகுவின் கிணறு. அவன் வீட்டார் குளித்துத் தோய்க்கிற சவர்க்காரத் தண்ணீர் முழுக்க என் மரத்தடிக்குத்தான் வரும். சவர்க்காரம் புளிப்பை முறித்துவிடும். அதைச் சொல்லி மூன்று வருடத்துக்கு முன் அவனோடு கதைப்பதையே விட்டேன். போன வருடம் அவன் பெண்சாதியின் செத்தவீட்டுக்கும் போகவில்லை.

இப்போது வருடம் திரும்பி அவளுடைய ஆட்டத்திவசம். அதற்குச் சொல்ல வீரபாகுவின் மகள், கம்பசில் படித்துவிட்டு வந்த பிரியந்தினி வந்தாள். சொல்லிவிட்டுப் போகாமல் மரத்தடியில் போய் நின்றாள்.

“மாமா, இதுக்கும் எங்கட தண்ணிக்கும் சம்பந்தம் இல்லை. தேசிக்காயின்ர ஒவ்வொரு உயிர்க்கலத்துக்குள்ளயும் ஒரு பை இருக்கு. பைச் சுவரில, தண்ணி இறைக்கிற மிசின் மாதிரி இருக்கிற பம்பிகள்தான் புளிப்பை உள்ளுக்குத் தள்ளிச் சேர்க்கிறது. அவ்வளவு புளிப்பும் பைக்கு வெளியில நிண்டா கலம் செத்துப்போடும். உங்கட மரத்தில அந்தப் பம்பி பிறவியிலயே பழுது.”

“உது மண்ணெண்ணெயில ஓடுறதோ, கரண்டிலயோ?”

“கலம் தன்ர சாப்பாட்டில இருந்து சக்தி எடுத்து ஓட்டும்.”

“நீ கண்டனியோ?”

“நுணுக்குக்காட்டியில பையைக் கண்டனான். பம்பி அதைவிடச் சின்னன்.”

“ஆரும் காணாத பம்பி, ஆரும் காணாத பழுது. நல்ல கதை.”

“பிள்ளை சொல்லுறதைக் கொஞ்சம் கேளுங்கோவன்” என்றாள் நேசமலர்.

பிரியந்தினி குனிந்து, ஒட்டுக்குக் கீழே கிளம்பியிருந்த முள்ளுக் கொப்பில் ஒரு காயைப் பறித்தாள். நேசமலரிடம் கத்தி வாங்கி வெட்டி நீட்டினாள்.

“இது ஒட்டாத கொப்பு, அடிமரத்தின்ர. வேர் ஒண்டுதான், தண்ணியும் ஒண்டுதான். நக்கிப் பாருங்கோ.”

நக்கினேன். பல் கூசிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இரண்டு பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“முதல் பந்தியில உங்களை இருத்தவேணும் எண்டு அப்பா சொன்னவர்” என்றாள் அவள், மெதுவாக.

தண்ணீரில் பிழை இல்லையென்றால், நான் செத்தவீட்டுக்குப் போகாததுதான் பிழை. அதைத் தீர்ப்புச் சொல்ல ஒரு பம்பியோ? துப்பிவிட்டு மண்வெட்டியை எடுத்தேன்.

“உந்தக் கொப்பு நேற்று முளைச்சது. உங்கட தண்ணி இன்னும் அதில ஏறேல்லை.”

“மாமா, காய்க்கிற கொப்பு நேற்று...”

இரணைமடுக் குளத்து வாய்க்காலில் வயலுக்குத் தண்ணீர் திறந்த நாள் அது. வயலுக்கு நடந்தேன். நேசமலர் பின்னால் இரண்டு தரம் கூப்பிட்டாள். நான் திரும்பவில்லை. தகப்பனுக்காகப் பிள்ளை கதைக்கும். அதை விளங்கிக்கொள்ள எனக்குக் கம்பஸ் தேவையில்லை.