திக்கும் கடல்

கடல் மறுபடியும் திக்கியது. ஓர் அலை எழுந்து, பாதியில் நின்று, சம்பந்தமில்லாத வேறோர் இடத்தில் போய் விழுந்தது. நான் சுக்கானை வலப்பக்கம் திருப்பினேன். திரையில் இருந்த கப்பல் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. ஒருவழியாகத் திரும்பியபோது பாறை மூக்குக்கு முன்னால் நின்றது. ஹெட்போனில் என் மகள் இஸ்க்ரா பெருமூச்சு விட்டாள். பதிமூன்று வயதுப் பெண் அப்படி மூச்சு விடக்கூடாது. என்னைப் பிரிந்து போவதற்கு முந்தைய வருடம் முழுக்க அவள் அம்மா விட்ட மூச்சு அது.

"விடுப்பா, பரவால்ல. அடுத்த ஞாயித்துக்கிழமை ஜோடிப் போட்டி இருக்குல்ல, அதுக்கு நான் வால்டரோட சேந்துக்கறேன். அவரு கம்ப்யூட்டர் நல்லா ஓடுது."

"அதுக்குள்ள சரி பண்ணிடறேன்டா. சத்தியமா."

வால்டர், வெளிநாட்டில், கிராட்ஸ் நகரத்தில், அவள் அம்மாவின் புதுக் கணவர்; இஸ்க்ரா இப்போது அவர்களோடு இருக்கிறாள். நல்ல மனிதர். அதுதான் என் துரதிர்ஷ்டம். கெட்டவனாக இருந்தால் நிம்மதியாக வெறுத்துவிட்டுப் போயிருப்பேன். தொலைபேசியில் அழைத்தால் என் மகள் "ம்" என்பாள், "நல்லாருக்கேன்" என்பாள், அதோடு சரி. விளையாட்டில் கப்பல் ஏறிவிட்டால் வாய் மூடாது. பாய்க்கயிற்றை இழுத்துக்கொண்டே, வகுப்பில் யார் அவளுடைய ஜெர்மன் உச்சரிப்பைக் கிண்டல் செய்தார்கள், எந்தத் தோழியோடு இப்போது பேச்சில்லை, எல்லாம் கொட்டுவாள். நான் அவளுக்கு அப்பாவாக இருந்தது அந்தக் கப்பலில் மட்டும்தான். என் பழைய கம்ப்யூட்டர் பெட்டியில் தூரத்துத் தீவுகள் கஞ்சி மாதிரி தெரிகின்றன என்று அவள் சிரித்தாள் என்பதற்காகத்தான் புதிய கிராபிக்ஸ் கார்டு வாங்கிப் போட்டேன். அது என் முழங்கை நீளம். அதன் வயர்களும் சேர்ந்ததும் பெட்டி பழைய மூலையில் அடங்கவில்லை. மேசைக்கு அடியில் திருப்பி, பின்பக்கம் என் கால்களைப் பார்க்கும்படி வைத்தேன். சனியன் அன்றைக்குத்தான் பிடித்தது.

அந்த வாரம் நான் மனுஷனாகவே இல்லை. டிரைவரைக் கழற்றிப் போட்டேன். எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினேன். மெமரியை இடம் மாற்றிச் செருகினேன். இணையத்தில் முகம் தெரியாதவர்களிடம் கெஞ்சினேன்; ஒருவன் சூட்டைப் பார் என்றான், பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. கடைசியில் பெட்டியைக் குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு கீழ்வீட்டு ஸ்வெஸ்தானிடம் போனேன். அவன் வீட்டில் கடல் எண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடியது.

"டேய் நெகோவான், பெட்டிக்கு ஒண்ணுமில்ல. உன் வீட்டுக்குத்தான் பேய் புடிச்சிருக்கு. பாதிரியார கூட்டிட்டு வந்து தண்ணி தெளி."

நான் சிரிக்கவில்லை. உண்மையிலேயே யோசித்தேன். அந்த நிலைக்கு வந்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் போட்டி தொடங்கியது. முதல் தீவு வரைக்கும் கப்பல் பறந்தது. இஸ்க்ரா பாயை அவிழ்த்துக்கொண்டே, "அப்பா, சூப்பர்ப்பா!" என்று கத்தினாள். எத்தனை நாளாயிற்று அந்தக் குரலைக் கேட்டு! பின்னால் அக்கா ரதோய்க்கா காபி கொண்டுவந்து வைத்தாள், ஏதோ எடுப்பவள் போலக் குனிந்தாள், போனாள். முதுகில் ஆபரேஷன் ஆனபோது என்னைப் பார்த்துக்கொள்ள வந்தவள், அப்படியே தங்கிவிட்டவள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டாவது தீவைத் தாண்டியதும் கடல் திக்க ஆரம்பித்தது. பிறகு நின்று நின்று வந்தது. மற்ற கப்பல்கள் எங்களைக் கடந்து போயின.

"அப்பா, இடப்பக்கம்! இடப்பக்கம்பா!"

திருப்பினேன். கடவுளே, கையொடியத் திருப்பினேன். பாறையில் மோதிப் பலகைகள் சிதறின. ஹெட்போனில் பெருமூச்சு கூட இல்லை. இந்தப் பெட்டியைப் பிடுங்கி நாலாவது மாடியிலிருந்து எறிய வேண்டும் என்று வயரைத் தேடி மேசைக்கு அடியில் தவழ்ந்தேன். கையில் வயர் சிக்கவில்லை. கம்பளி சிக்கியது. அடுப்பிலிருந்து எடுத்தது போலக் கொதிக்கிற கம்பளி. அக்கா எப்போதும் இடுப்பில் சுற்றியிருக்கும் சால்வை, பெட்டியின் பின்பக்க விசிறிமேல் இறுக்கமாக, ஒழுங்காக, நாலு மூலையும் செருகப்பட்டிருந்தது.

"அக்கா! என்னக்கா இது?"

"பின்ன என்னடா, முதுகக் கிழிச்சுத் தைச்ச உடம்பு! கால் மாட்டுல புரோமாயா அடிக்குது, நீ பாட்டுக்குக் கடல்ல போயிட்டிருக்க. நீ உக்காரும்போதெல்லாம் நாந்தானே வெச்சு அடைக்கறேன். எந்திரிச்சதும் எனக்கு இடுப்புக்கு வேணுமேன்னு எடுத்துக்குவேன்."

புரோமாயா. ஒரு திறப்பில் நுழைந்து இன்னொரு திறப்பில் வெளியேறுகிற குறுக்குக் காற்று. எங்கள் ஊரில் கழுத்துப் பிடிப்பிலிருந்து சாவு வரைக்கும் அதன் வேலைதான். பேருந்தில் வெந்து செத்தாலும் எதிரெதிர் சன்னலைத் திறக்க விடமாட்டார்கள். எனக்கும் அந்தப் பயம் உண்டு. அதனால்தான் கத்தத் திறந்த வாய் அப்படியே நின்றது. ஸ்வெஸ்தான் வீட்டில் அவள் இல்லை. சூட்டைச் சோதித்த காலையில் அவள் சந்தைக்குப் போயிருந்தாள். நான் மகளோடு உட்கார்ந்த ஒவ்வொரு முறையும் இருந்தாள்.

சால்வையை உருவி எறிந்தேன். கொஞ்ச நேரத்தில் கடல் சீராக ஓடத் தொடங்கியது. போட்டி எங்களுக்கு முடிந்துவிட்டிருந்தது. ஹெட்போன் மைக் திறந்தே இருந்தது; அக்கா சொன்னதெல்லாம் அந்தப் பக்கம் போயிருக்கும்.

"இஸ்க்ரா, கேட்டியாடா? இருக்கியா?"

அவளுக்குப் பக்கத்து அறையிலிருந்து வால்டரின் குரல் வந்தது, ஜெர்மனில் ஏதோ கேள்வி. இஸ்க்ரா ஜெர்மனில் பதில் சொன்னாள். எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. அவர் வேகமாகப் பேசினார், அவளும் வேகமாகப் பேசினாள். அந்த வேகத்துக்கு நடுவில் அவள் ஜெர்மனில் சொல் கிடைக்காமல் தடுக்கி நின்று, "புரோமாயா" என்றாள். வால்டர் என்னவென்று கேட்டிருக்க வேண்டும். "புரோமாயா," என்றாள் மறுபடியும், எங்கள் நீஷ் நகரத்து இழுவையோடு, என் அக்கா சொல்வது போலவே. அவருக்கு அப்போதும் புரியவில்லை. அவள் குரல் நடுங்கியது. சிரிப்பா, அழுகையா, என்னால் சொல்ல முடியவில்லை. நான் ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டேன்.