மூன்றாம் பாடத்தில் ஒரு பொய்

கல்லூரி நூலகருக்கு வீட்டில் ஒரு சின்னப் பொய்கூடச் சொல்ல வராது; முகமே காட்டிக் கொடுத்துவிடும். அப்படிப்பட்டவள் வேலைக்காக ஒரு பொய்யை எழுதினாள், அதுவும் இழைத்து இழைத்து.

முதலாண்டு மாணவர்களுக்காக அவள் தயாரித்த இணையப் பாடங்களில் மூன்றாவதற்காக. இணையத்தில் படித்ததை எப்படிச் சோதிப்பது என்பது பாடம். பிள்ளைகள் ஏமாறுகிறார்களா என்று பார்க்க ஒரு போலி ஆய்வுக் கட்டுரை தேவைப்பட்டது. மூச்சிரைப்புக்குக் குழந்தைகள் இழுக்கும் இன்ஹேலர் வளர்ச்சியைக் கெடுக்கும், ஆவி பிடித்தாலே போதும் என்று எழுதினாள். இல்லாத மருத்துவர், இல்லாத ஆய்விதழ், அடிக்குறிப்புகள்கூடக் கச்சிதம். பொய் என்று எங்கேயும் போடவில்லை. போட்டுவிட்டால் அப்புறம் என்ன பரீட்சை? அடுத்த பக்கத்தில்தான் குட்டு உடையும். பாஸ்வேர்டு கேட்டால் பிள்ளைகள் பாதியிலேயே கழன்றுகொள்கிறார்கள் என்று, யார் வேண்டுமானாலும் திறக்கும்படி வைத்தாள். முதல்வர் கூட்டத்தில் பாராட்டினார். அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு மதியம் தங்கை போன் செய்தாள். குரலே சரியில்லை.

"அக்கா, பையனுக்குக் காலையிலேருந்து இழுக்குது. ஆவி புடிச்சும் அடங்கல."

"இன்ஹேலர் குடுத்தியா?"

"அதை நிறுத்தி ஒரு வாரம் ஆச்சே."

"நிறுத்திட்டியா? யாருடி சொன்னது?"

"உங்க காலேஜ்தான்."

"எங்க காலேஜா?"

"வாட்ஸ்அப்ல வந்துச்சு. வந்ததும் நம்பிடலக்கா. யார் எழுதினது, எங்க வந்தது, அடியில ஆதாரம் இருக்கான்னு பாக்கணும்னு நீ மாமாவைப் போட்டு வறுத்தெடுப்பியே? எல்லாம் பாத்தேன். உங்க லைப்ரரி வெப்சைட்டுக்கே போய்ப் பாத்தேன். நீ இருக்கற இடத்துல தப்பா போடுவாங்களா?"

"அது பொய்டி. பசங்களுக்குப் பரீட்சை வைக்க நானே எழுதினது. முதல்ல இன்ஹேலரைக் குடு."

எதிர்முனையில் நாலு வயதுக் குழந்தையின் மூச்சு விசிலடித்தது.

"பொய் எழுதினவளும் நீ, இப்போ குடுன்னு சொல்றவளும் நீ. நான் எதைக்கா நம்பறது?"

பாடம் பாடமாகத் தயாரித்தவளுக்கு இதை விளக்க நேரமில்லை.

"என்னை நம்பாதே. போனை வை. அவனோட டாக்டருக்குப் போடு, இப்பவே போடு."

தங்கை வைத்துவிட்டாள். நூலகர் அந்தப் பக்கத்தைத் தேடி நீக்கினாள். தளத்துக்குள் நுழையவே கடவுச்சொல்லைத் தப்புத் தப்பாக அடித்திருந்தாள். ஒரு மாணவி வந்து பிரிண்டர் ஓடவில்லை என்றாள். என்ன பதில் சொன்னோம் என்றே அவளுக்குத் தெரியவில்லை. பயமாக இருந்தது. அதைவிட, தன் புத்திசாலித்தனத்தின் மேல் ஆத்திரமாக வந்தது. ஊரில் இத்தனை பொய் இருக்கும்போது இந்தப் பொய்தானா கிடைத்தது?

ஒரு யுகம் கழித்துப் போன் அடித்தது.

"ஆஸ்பத்திரியில இருக்கோம். டாக்டர் இன்ஹேலரை உடனே குடுத்துட்டுக் கூட்டிட்டு வரச் சொன்னாரு. இப்போ மூச்சு கொஞ்சம் சீராயிருக்கு."

போன உயிர் திரும்பி வந்தது நூலகருக்கு. "அந்தப் பக்கத்தை எடுத்துட்டேன்டி."

தங்கை கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. அடங்கிய குரலில் சொன்னாள்:

"எடுத்து என்னக்கா ஆகப்போகுது? படம் புடிச்சு, பையனோட கிளாஸ் அம்மாங்க குரூப்ல போட்டேனே. எங்கக்கா காலேஜ்ல வந்தது, நம்பலாம்னு பெருமை வேற. இன்னும் ரெண்டு புள்ளைங்களுக்கு இதே இன்ஹேலர்தான். ஒருத்தியைப் புடிச்சுச் சொல்லிட்டேன். இன்னொருத்தி அன்னிக்கே பதில் போட்டா, நாங்களும் நிறுத்திட்டோம்னு. இப்போ போனை எடுக்க மாட்டேங்கறா."

"நம்பரைச் சொல்லு."

நூலகர் எண்ணை அழுத்தினாள். மணி அடித்து, அடித்து, தானாகவே நின்றது. மறுபடியும் அழுத்தினாள்.