வரைபடத்தில் இல்லாத நாற்பத்தொரு வீடுகள்

மலைத்தொடரின் வரைபடத்தை மேசையில் விரித்து, சுருண்டுகொள்ளாமல் இருக்க நான்கு மூலையிலும் கனமான புத்தகங்களை வைத்தார் வரைவாளர். சின்ன மலைத்தொடர்தான், இரண்டு நாளில் நடந்து முடித்துவிடலாம். மேற்குச் சரிவில் காடு, கிழக்கில் வெயிலில் வெடித்த பாறை. இரண்டு சிகரங்களுக்கு நடுவே தாழ்ந்த இடத்தில் நாற்பத்தொரு வீடுகள். எப்போதோ உப்பு மூட்டை சுமந்து கணவாயைக் கடந்தவர்கள், சமவெளியில் கொள்ளைநோய் பரவிய வருஷம் கீழே இறங்காமல் அங்கேயே தங்கிவிட்டார்கள். அவர்கள் வழி வந்தவர்கள்தான் அந்த வீடுகளில் இருப்பவர்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த மலையை அளந்தவரே இந்த வரைவாளர்தான். ஓடைக்கும் பாறைக்கும் அந்த ஜனங்கள் வைத்திருந்த பெயர்களைக் கேட்டுக் கேட்டு எழுதி வந்திருந்தார்.

இப்போது வரைபடத்தைப் புதுப்பிக்க வேண்டும். கிழக்குச் சரிவில் கல்குவாரி வைக்க ஒருவர் மனுப் போட்டிருந்தார். குடியிருப்புக்குப் பக்கத்தில் வெடி வைக்கச் சட்டத்தில் இடமில்லை. அலுவலகத்தில் அவருடைய மேலதிகாரி கதவைச் சாத்திவிட்டுப் பேசினார்.

"பேரை மட்டும் எடுத்துடுங்க. ஆளுங்களையா எடுக்கச் சொல்றேன்? அவங்க பாட்டுக்கு இருக்கட்டும்."

வரைவாளரின் மனைவி மலையடிவார ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஆறு வருஷமாக மகளும் அவளுமாக அங்கே, இவர் தனியாக இங்கே. மாற்றல் கேட்டு இவர் கொடுத்த மனு அதிகாரியின் மேசையில்தான் தூங்கிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. சாயங்காலத்துக்குள் வீடுகள் இருந்த இடத்தில் 'தரிசு' என்று எழுதிக் கொடுத்தார். அடுத்த மாதமே மாற்றல் உத்தரவு வந்தது.

இரண்டு வருஷம் பாறையைப் பிளந்தார்கள். மூன்றாம் வருஷ மழையில் சரிவு மொத்தமாக அந்த வீடுகள்மேல் இறங்கியது. மீட்புப் படையினர் வரைபடத்தைப் பார்த்து, அதிலிருந்த ஊர்களுக்கெல்லாம் ஓடினார்கள். தரிசுக்கு யாரும் போகவில்லை.

நான்காம் நாள், வேலை முடிந்து வந்த மனைவி செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள்.

"மேலேருந்து நேத்தே கொண்டுவந்திருந்தா நாலு பேரைக் காப்பாத்தியிருக்கலாங்க. ஏன் இவ்வளவு லேட்டுன்னு கேட்டா, மேப்ல அப்படி ஒரு ஊரே இல்லையாம். எந்தப் பாவி போட்ட மேப்போ."

அவர் தட்டிலிருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். மாற்றல் எப்படிக் கிடைத்தது என்று அவளிடம் சொல்ல இரண்டு நாள் ஆயிற்று. கேட்டுவிட்டு அவள் எழுந்து மகளின் அறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

அந்த வாரமே மலையிலிருந்து ஒரு பெண் அவருடைய அலுவலகத்துக்கு வந்தாள். புருஷனையும் மூத்த மகளையும் மண்ணுக்குள் விட்டவள். இறப்புச் சான்றிதழுக்கு இருப்பிடம் உறுதியாக வேண்டும் என்று அவளை இங்கே அனுப்பியிருந்தார்கள். அப்படி ஓர் ஊர் பதிவில் இல்லை என்றார் குமாஸ்தா.

"ஊரே இல்லேன்னா அங்க எப்படிங்க சாக முடியும்? அப்ப எம் புருஷன் உயிரோட இருக்காரா?"

வரைவாளர் எழுந்து வந்து, ஊரை அழித்தவன் நான்தான் என்று அவளிடம் சொன்னார். அவள் கத்துவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் மெதுவாகத்தான் கேட்டாள்.

"நாங்க உங்களுக்கு என்ன பண்ணோம்?"

அன்றே குற்றத்தை எழுதிக் கொடுத்தார். வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். அதற்குள் பதவி உயர்வில் போயிருந்த அதிகாரி, தனக்கு எதுவுமே தெரியாது என்றார். விசாரணையில், யார் சொல்லிச் செய்தீர்கள் என்று வரைவாளரைக் கேட்டார்கள்.

"அதிகாரி சொன்னார். ஆனா செஞ்சது என் கை. மேல இருக்கிறவங்க சொன்னாங்க, நம்ம கஷ்டம் நமக்குன்னு காகிதத்துல ஒரு பொய் எழுதினா, அதுக்கு யாரோ உயிரைக் கொடுக்கிறாங்க. இதைச் சின்னத் தப்புன்னு இனிமே யாரும் நினைக்க வேண்டாம்."

முதல் இரண்டு வாக்கியங்களை மட்டும் பதிவு செய்துகொண்டார்கள். மற்றவை கேட்ட கேள்விக்குத் தேவையில்லை என்று சொல்லிவிட்டார்கள்.