கெட்டிமேள ரிக்கார்டு

...வருஷம் திரும்பட்டும் என்று சொல்ல ஒருவருக்காவது வாய் வந்ததா, ஆத்திரத்தில் அம்சவேணி ஈரத்துணியைப் பிழிந்த பிழியில் தண்ணீர் பாயெல்லாம் தெறித்தது, தெறிக்கட்டும், பூந்திக்கொட்டைத் தண்ணீரில் நனைத்து, ரிக்கார்டில் கோடு போகிற போக்கிலேயே சுற்றிச் சுற்றித் துடைக்க வேண்டும், நடுவில் ஒட்டிய காகிதம் நனையக் கூடாது, ஆனிக் காற்றில் தங்கச் சுரங்கத்துக் கழிவு கொட்டிய சயனைடு மேட்டு மண் பறந்து வந்து சோற்றிலேயே விழுகிறது, ரிக்கார்டை மட்டும் விடுமா... யாருக்காக இந்தப் பாடு, நாளைக்கு மாரிகுப்பத்தில் தாலி கட்டப்போகிற ஆறுமுகத்துக்காக, அவளுடைய அக்கா பாப்பம்மாவைக் கட்டிய அதே ஆறுமுகம், போன ஐப்பசியில் மஞ்சள் காமாலையில் அக்கா போனபோது பாடையைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்று புரண்டானே, அந்த மகராசன்தான். இந்த வீட்டில் இருக்கிறவருக்காவது ரோஷம் வேண்டாமா, ராபர்ட்சன்பேட்டையில் மைக் செட் கடை வைத்திருக்கிற ராஜப்பா, அவளுடைய புருஷன், காலையில் ரிக்கார்டுப் பெட்டியைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, “சகலை ஊட்டு கல்யாணம், வாடகை கேட்டா நல்லாவா இருக்கும்? தொடைச்சு வை, மத்தியானம் வந்து எடுத்துக்கிறேன்” என்றார். “எங்க அக்கா செத்து வருசம்கூட திரும்பல.” “அதுக்கு இன்னா பண்ணச் சொல்ற? ஷிப்ட் முடிஞ்சு வந்தா சோறாக்கிப் போட ஆள் வேணாமா?” சோறாக்க ஆள் வேண்டுமாம், அப்படியானால் அக்கா யார், அடுப்பா...

கடைசியாகக் கைக்கு வந்தது கெட்டிமேள ரிக்கார்டு. தாலி கட்டும் நேரத்தில் போடுகிற நாதஸ்வரம், கடையில் இது ஒன்றுதான், அக்கா கல்யாணத்துக்கும் இதையேதான் போட்டார்கள். இதே மேளத்துக்கு இன்னொருத்தி கழுத்தை நீட்டுவாளா... பெட்ரோமாக்ஸ் பற்றவைக்கிற ஸ்பிரிட் பாட்டில் மூலையில் இருந்தது. கடை தொடங்கிய புதிதில், அழுக்கு பளிச்சென்று போகும் என்று ராஜப்பா ஸ்பிரிட்டால் ஒரு ரிக்கார்டைத் துடைக்கப் போய், அரக்கால் செய்த ரிக்கார்டு இளகிப் பிசுபிசுத்து, அவர் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்தது. எழுந்து போய் எடுத்துவந்தாள். துணியில் தாராளமாகவே ஊற்றினாள். நெடி மூக்கில் ஏற ஏற அழுத்தித் தேய்த்தாள், கட்டு, நாளைக்குக் கட்டு பார்க்கலாம், துணி கறுத்தது, பளபளப்பு செத்தது, மனசுக்குள் ஒரு குளிர்ச்சி...

அது ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. அவனுக்கு என்ன நஷ்டம், மேளக்காரர் யாராவது வருவார், வராவிட்டாலும் கட்டத்தான் போகிறான். அக்கா கல்யாணத்தில் இந்த ரிக்கார்டில் ஒரு கீறலில் ஊசி மாட்டி, அதே துண்டு திரும்பத் திரும்ப வாசிக்க, கட்டுவதா நிற்பதா என்று ஆறுமுகம் தாலியும் கையுமாக முழிக்க, தலை குனிந்திருந்த அக்கா அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டாளே, அதற்குப் பிறகு எந்தக் கல்யாணத்தில் அந்த இடம் வந்தாலும், பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தாலும் அவள் நின்று கேட்பாளே... வாசலில் சைக்கிளை நிறுத்துகிற சத்தம். “இன்னா, ஆச்சா?” அம்சவேணி ரிக்கார்டின் மேல் குனிந்தாள். ஓரத்திலிருந்து நாலு விரல் உள்ளே இருக்கும் அந்தக் கீறல், கைவிரலால் தடவித் தேடினாள், தொட்ட இடமெல்லாம் விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது.